நாலரை மணிக்கு யாரும் விழித்திருக்க மாட்டார்கள்

நம் ஸ்கிரிப்டில் பிழை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்ததைக் கேட்டதும் நீங்கள் அதைத்தான் தேடுவீர்கள். நேர மண்டலத்தைக் குழப்பிவிட்டார்களா, எங்காவது ஒரு மதிப்பு மாறிப்போயிற்றா என்று பார்ப்பீர்கள். நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பைத்தானில் இருந்த அந்தக் கோப்பு, எழுதியவர் நினைத்ததை அப்படியே செய்தது. எழுதியவர் நினைத்ததுதான் தவறு. அதைப் பிடிக்கிற டெஸ்ட் எதையும் யாரும் எழுதுவதில்லை.

எனக்கு ஓய்வு பெறும் வயது ஆகவில்லை. அனுபவம் சொல்கிற வயதும் ஆகவில்லை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அந்தமானின் போர்ட் பிளேர் கிளையில் என் நாற்காலியில் இனி நீங்கள் உட்காரப்போகிறீர்கள். பாஸ்வேர்டு மாற்றுவது எப்படி, பேக்கப்பைத் திரும்ப ஏற்றுவது எப்படி, எந்த எச்சரிக்கை வந்தால் யாரை அழைப்பது, எல்லாம் கையளிப்புக் கோப்பில் இருக்கிறது. அதில் இல்லாததை இங்கே எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதினால் பாதியை நாகரிகம் கருதி விட்டுவிடுவேன்.

இந்தக் கிளையின் பெரிய வாடிக்கையாளர் காதர் பாய். இங்குள்ள ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து வடக்கே மாயாபந்தருக்குப் போகிற தனியார் கப்பல் அவருடையது. டிக்கெட் விற்பது ஒன்று. கப்பல் ஏறும் ஜெட்டியில் பயணியின் அடையாள அட்டையைச் சரிபார்ப்பது இரண்டு. ஏறியவர்களின் பெயர்களைத் துறைமுக அலுவலகத்துக்கு அனுப்புவது மூன்று. மூன்றும் நம் மென்பொருள் வழியாக நடக்கின்றன. மூன்றாவது நடக்காமல் கப்பலுக்குப் புறப்பட அனுமதி கிடையாது. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே டேட்டாபேஸ். அது இருப்பது மெயின்லேண்டில், ஏதோ ஒரு கிளவுட் மையத்தில்.

அந்த டேட்டாபேஸைத் திரையில் பட்டன் அழுத்தி நாம் அமைப்பதில்லை. கிளவுட் நிறுவனம் தரும் பைத்தான் லைப்ரரியை அழைத்து, ஸ்கிரிப்ட் வழியாகத்தான் அமைக்கிறோம். நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது கோப்பில் நிற்கும். அந்த லைப்ரரிக்கு மேலே சென்னைத் தலைமையகம் ஒரு பொது மாட்யூல் எழுதி வைத்திருக்கிறது. டேட்டாபேஸின் பெயரும் அளவும் சேமிப்பிடமும் கொடுத்தால் போதும், மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும். அது நிரப்புகிறவற்றில் ஒன்று பராமரிப்பு நேரம்.

பராமரிப்பு நேரம் என்றால், தள்ளிப்போட்ட மாற்றங்களைக் கிளவுட் செயல்படுத்தும் வாராந்திர வேளை. டேட்டாபேஸின் அளவை மாற்றச் சொல்கிறீர்கள். ‘உடனே செய்’ என்ற குறிப்பைக் கொடுக்காமல் விடுகிறீர்கள். கிளவுட் உங்கள் கட்டளையை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளும். அந்த வேளை வந்ததும் டேட்டாபேஸை நிறுத்தி, மாற்றி, மறுபடி எழுப்பும். ‘உடனே செய்’ என்று போடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். இப்போது வேண்டாம் என்று சொல்கிறவர் வேறொரு நேரத்துக்கு ஒப்புக்கொள்கிறார். எந்த நேரம் என்று தெரியாமல் ஒப்புக்கொள்வதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை.

நம் மாட்யூலில் அது எல்லா வாடிக்கையாளருக்கும் திங்கட்கிழமை அதிகாலை நாலரை. உலகப் பொது நேரத்தில் ஞாயிறு இரவு பதினொன்று என்று சரியாக மாற்றி எழுதியிருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு கமெண்ட்: இந்த நேரத்தில் யாரும் விழித்திருக்க மாட்டார்கள்.

மெயின்லேண்டிலிருந்து வந்தவர் இதைப் படித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவார். இங்கே வளர்ந்தவர் சிரிப்பார். கடிகாரம் சென்னையிலும் இங்கேயும் ஒன்றுதான், விடியல் ஒன்றில்லை. மே மாதத்தில் நாலரைக்கெல்லாம் இங்கே வெளிச்சம் வந்துவிடும். ஐந்துக்கு வெயில் முகத்தில் அடிக்கும். ஜெட்டியில் அந்நேரம் மூட்டையும் பெட்டியும் கோழிக்கூடையுமாக வரிசை நிற்கும். மாலையில் மெயின்லேண்டுக்காரர் டீ குடிக்கும் நேரத்தில் நாம் விளக்கைப் போடுவோம். இரவு பத்து மணிக்கு லம்பா லைனில் எங்கள் தெருவில் விழித்திருப்பது நாய்கள் மட்டும்தான். நம் ஊர் தூங்கும் நேரம் அது.

இதைத் தலைமையகத்தில் சொன்னேன். சம்பவத்துக்கு முன்பே சொன்னேன். கிளைகளைக் கவனிக்கும் ஆனந்த் சார் போனில் பேசினார்.

“இந்தியா முழுக்க ஒரே டைம்தானே சுகன்யா. அங்க மட்டும் என்ன தனி?”

“டைம் ஒண்ணுதான் சார். இங்க சீக்கிரம் விடிஞ்சிடும்.”

“விடியட்டுமே. விடிஞ்சா டேட்டாபேஸுக்கு என்ன?”

“விடிஞ்சா கப்பல் கிளம்பும் சார். அந்த நேரத்துக்கு ஆள் ஏறிட்டிருப்பாங்க.”

“லுக், ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. ஸ்டாண்டர்டுன்னா ஸ்டாண்டர்டு. இதுவரைக்கும் யாராச்சும் கம்ப்ளெய்ன்ட் பண்ணாங்களா?”

யாரும் செய்திருக்கவில்லை. காரணம், அதுவரை எந்த மாற்றமும் தள்ளிப்போடப்பட்டிருக்கவில்லை. அந்த வேளை வாராவாரம் வெறுமையாக வந்து போய்க்கொண்டிருந்தது. நானே ஸ்கிரிப்டில் வேறு நேரத்தைக் கொடுத்துப் பார்த்தேன். ‘இந்த மதிப்பை மாற்ற அனுமதி இல்லை’ என்று மாட்யூல் திருப்பி அனுப்பியது. மாட்யூலைத் திருத்தும் அனுமதி சென்னையில் மட்டும்தான். இன்னாரின் எண்ணம் என்று பெயர் போடாமல் வருவதால் மாட்யூல் தானே நிரப்பும் இயல்புநிலை மதிப்பை நாம் இயற்கை மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அதற்கும் ஓர் ஆசிரியர் உண்டு. அவர் ஓர் ஊரில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பார்.

பள்ளி விடுமுறைக் கூட்டம் வருகிறது என்று தலைமையகம் டேட்டாபேஸின் அளவைக் கூட்ட முடிவுசெய்தது. வெள்ளிக்கிழமை யாரோ ஸ்கிரிப்டை ஓட்டினார்கள். ‘உடனே செய்’ இல்லை. எனக்குத் தகவல் இல்லை. காதர் பாய்க்கும் இல்லை.

திங்கள் காலை வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. ரஹ்மத் அக்கா. ஜெட்டியில் காதர் பாயின் கவுண்டரில் உட்காருபவர். பல வருடமாக அவர்தான். அவர் குடும்பம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தது. தமிழும் இந்தியும் ஒரே மூச்சில் வரும்.

“சுகன்யா, எழும்பிட்டியா?”

“எழும்பி நேரமாச்சு அக்கா. சொல்லுங்க.”

“திரையில சக்கரம் சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. வரிசை கேட்டு வரைக்கும் போயிருச்சு.” அவருக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கத்தியது: “தீதீ, ஜஹாஜ் நிகல் ஜாயேகா!”

“நிகல்னே தோ பையா, தேர் கே ஜானா!” என்று அக்கா திருப்பிக் கத்தினார். கப்பல் போய்விடும் என்றவரை நீந்திப் போகச் சொன்னார். வரிசையில் சிரிப்புக் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, “சிரிக்கிறாங்க, ஆனா இன்னும் கொஞ்ச நேரம் போனா அடிக்க வருவாங்க. ஆப்பரேஷன் பண்ணின பொம்பளை ஒண்ணு பெஞ்சில படுத்திருக்கு. மாயாபந்தர் போகணும்” என்றார்.

மாவுக் கையோடு லேப்டாப்பைத் திறந்தேன். டேட்டாபேஸின் நிலை: மாற்றம் நடைபெறுகிறது. அந்த ஒரு வரியில் எல்லாம் புரிந்துவிட்டது. கழுத்துவரை ஏறிய கோபத்தை அங்கேயே நிறுத்திவைத்தேன். நெருக்கடியில் முதல் வேலை அதுதான். கோபத்தைத் தூக்கி எறியக் கூடாது, பின்னால் தேவைப்படும். ஆனால் வரிசையில் அதற்கு இடம் பின்னால்தான்.

இருந்த வழிகளை அடுக்கிப் பார்த்தேன். மாற்றத்தைப் பாதியில் நிறுத்துவது: முடியாது, கிளவுட் அனுமதிக்காது. பேக்கப்பிலிருந்து இன்னொன்றை எழுப்புவது: அது முடிவதற்குள் கப்பல் போயிருக்கும். கப்பலைக் காத்திருக்கச் சொல்வது: அடுத்த கப்பலுக்காக அது கட்டியிருக்கும் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். கேப்டன் நிற்க மாட்டார், நிற்கவும் கூடாது.

அக்காதான் கேட்டார். “ஏம்மா, டிக்கெட்டையும் கார்டையும் பக்கத்துல வச்சு எம் போன்ல படம் புடிச்சு துறைமுக ஆபீசுக்கு அனுப்பட்டுமா? டியூட்டியில இருக்குற சார்கிட்ட கேட்டேன். பேரு தெளிவா இருந்தா போதும், விடுறேன்னாரு.”

இந்த இடத்தில் நீங்கள் ஒரு கணம் நிற்க வேண்டும். நானும் நின்றேன். மற்றவரின் அடையாள அட்டையைச் சொந்த போனில் படம் எடுப்பது சின்ன விஷயம் இல்லை. அது விதிக்கு வெளியே என்று எனக்குத் தெரியும். விதி எதைக் காக்க எழுதப்பட்டதோ அதை வேறு வழியில் காக்க முடியுமா என்று மட்டும் யோசித்தேன்.

“எடுங்க அக்கா. ஏறுறவங்க கார்டு மட்டும். துறைமுக ஆபீசுக்கு மட்டும் அனுப்புங்க, வேற எங்கயும் இல்ல. போய்ச் சேந்ததும் உங்க போன்ல அழிச்சிடுங்க. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

“சரி, வை.”

அவர் அப்படியே செய்தார். படுத்திருந்த பெண் உள்பட எல்லோரும் ஏறினார்கள். கப்பல் தாமதமாகக் கிளம்பியது, ஆனால் கிளம்பியது. டேட்டாபேஸ் சற்றுப் பின்னால், ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து வந்தது.

அன்று காலையே அறிக்கை எழுதி ஆனந்த் சாருக்கு அனுப்பினேன். மூன்று விஷயம் எழுதினேன். மாற்றத்தை ஓட்டியது நாம். அது நடக்கும் நேரத்தை வைத்தது நாம். படம் எடுக்கச் சொன்னது நான்.

காதர் பாய்க்குப் போன அறிக்கையில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. இடையில் ஒரு பயணி, தன் அட்டையைக் கவுண்டர் பெண் சொந்த போனில் படம் எடுத்தார் என்று புகார் கொடுத்திருந்தார். அவர் புகார் செய்தது நியாயம்தான். ஆனந்த் சாருக்கு அது தப்பிக்கும் கதவு மாதிரி திறந்தது. தலைமையகத்தின் அறிக்கை சொன்னது: ‘திட்டமிட்ட குறுகிய பராமரிப்பின்போது கவுண்டர் ஊழியர் காத்திருக்காமல் பயணிகளின் ஆவணங்களைச் சொந்தக் கருவியில் பதிவுசெய்தது தரவுப் பாதுகாப்பு விதிமீறலாகும்.’

‘திட்டமிட்ட’ என்ற சொல்லைப் பாருங்கள். யார் திட்டமிட்டார்கள்? யாரிடம் சொன்னார்கள்? ‘காத்திருக்காமல்’ என்பதையும் பாருங்கள். வரிசைக்கு முன்னால் ஒரு நிமிடம் உட்காராதவர்கள் காத்திருப்பதைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

காதர் பாய் கணினிக்காரர் இல்லை. தரவு, விதிமீறல் என்று மெயின்லேண்டிலிருந்து எழுதிவந்தால் பயப்படுகிற சாதாரண வியாபாரி. அக்காவின் ஜெட்டி பாஸை வாங்கி வைத்துக்கொண்டார். அந்த பாஸ் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. காதர் பாயின் கவுண்டர் மட்டுமல்ல, ஜெட்டிக்குள் வேறு எந்தக் கவுண்டரிலும் இனி உட்கார முடியாது. வாடகை வீடு, மகளின் நர்சிங் படிப்பு, எல்லாம் அந்த அட்டையை நம்பி இருந்தன.

நான் போய்ப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வேலை இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு வந்துவிடுகிறார்.

“வீட்டுல இருந்தா எல்லாரும் வந்து வந்து கேக்குறாளுக. என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? ரஹ்மத்து ஆதார் கார்டையெல்லாம் படம் புடிச்சு வித்துட்டாளாம். எவ்வளவுக்கு வித்தேன்னு சொன்னா நானும் தெரிஞ்சுக்குவேன்.”

“நான் சொல்லித்தான் எடுத்தீங்கன்னு எழுதியிருக்கேன் அக்கா.”

“நீ எழுதின. படிச்சது யாரு?”

சென்னைக்குப் போன் செய்தேன்.

“சார், போட்டோ எடுக்கச் சொன்னது நான். என் பேரைப் போடுங்க.”

“உன் பேரைப் போட்டா நம்ம பக்கம் தப்புன்னு ஆயிடும் சுகன்யா. அவங்க ஸ்டாஃப், அவங்க பாத்துப்பாங்க. இதுல எமோஷனல் ஆகாத.”

நான் எமோஷனல் ஆகவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. கோபமாக இருக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னால் அவள் தன் கோபத்துக்கு விளக்கம் கொடுக்கத் தொடங்குவாள், பேச்சு திசை மாறிவிடும் என்பது இவர்களுக்குத் தெரியும். உங்களிடமும் சொல்வார்கள். விளக்கம் கொடுக்காதீர்கள். அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

“சரி சார். ரிவ்யூ மீட்டிங் எப்ப வைக்கணும்?”

நம் ஒப்பந்தப்படி எந்தத் தடங்கலுக்குப் பின்னும் வாடிக்கையாளரோடு ஒரு வீடியோ கூட்டம் வைத்தாக வேண்டும். நேரம் குறிப்பது கிளையின் பொறுப்பு. “நீயே ஃபிக்ஸ் பண்ணு” என்றார்.

ஃபிக்ஸ் செய்தேன். அழைப்பு போன சற்று நேரத்தில் போன் வந்தது.

“சுகன்யா, திங்கக்கிழமை காலைல அஞ்சுன்னு வந்திருக்கு. தப்பா டைப் பண்ணிட்டியா?”

“இல்ல சார்.”

“காலைல அஞ்சு மணிக்கு எவன் மீட்டிங் வைப்பான்? பைத்தியமா உனக்கு?”

“அந்த நேரத்துல யாரும் முழிச்சிருக்க மாட்டாங்கன்னு நம்ம மாட்யூல்ல எழுதியிருக்கு சார், அப்ப யாருக்கும் வேற வேலை இருக்காதுல்ல. அதான் எல்லாரும் ஃப்ரீயா இருப்பாங்கன்னு வச்சேன். காதர் பாய் ஓகே சொல்லிட்டாரு.”

வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட நேரத்தை அவரால் மாற்ற முடியவில்லை.

திங்கள் காலை ஃபீனிக்ஸ் பேயில் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மேசை போட்டு லேப்டாப்பை வைத்தேன். காதர் பாய் அதிகாலை சுபுஹு தொழுது, குளித்து, வெள்ளைச் சட்டையில் இரண்டாவது டீயோடு உட்கார்ந்திருந்தார். வெயில் திரையில் பட்டுக் கண் கூசியதால் என் துப்பட்டாவால் மறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னால் பெட்டிகளை இழுக்கும் சத்தம். கவுண்டரில் அன்று காதர் பாயின் மருமகன் திணறிக்கொண்டிருந்தார். வரிசை அவரை ஏசிக்கொண்டிருந்தது.

திரையில் ஆனந்த் சார் வந்தார். கலைந்த தலை. பின்னால் மூடிய சன்னல், டியூப்லைட். சன்னல் கண்ணாடியில் கருப்பு.

காதர் பாய் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

“என்ன சார், இருட்டுல உக்காந்திருக்கீங்க? கரன்ட் இல்லையா?”

“இல்ல பாய், இங்க இன்னும் விடியல.”

சொல்லிவிட்டு அவரே பின்னால் இருந்த சன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

காதர் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். திரும்பி வரிசையைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பை அப்படியே தூக்கி, வரிசையையும் கப்பலையும் வெயிலையும் கேமராவுக்குக் காட்டினார். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தன்னைத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்துக் கை ஆட்டினார்.

“இங்க விடிஞ்சு நேரமாச்சு சார். இந்த நேரத்துலயா மிஷினை நிப்பாட்டுனீங்க?”

“பாய், அது ஒரு ஸ்டாண்டர்ட் மெயின்டனன்ஸ்...”

நான் பேசினேன். முன்பே மனத்தில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். “பாய், டேட்டாபேஸை நிறுத்தினது நாங்க. இந்த நேரத்தை வச்சது நாங்க. உங்களுக்குச் சொல்லல. மாத்தச் சொல்லி நான் ஏற்கனவே கேட்டேன், மாத்தல. அக்காவைப் படம் எடுக்கச் சொன்னது நான்.”

“சுகன்யா, இதெல்லாம் இன்டர்னல் மேட்டர். ஆஃப்லைன்ல பேசிக்கலாம்.”

“இன்டர்னலா?” காதர் பாயின் குரல் மாறியது. “கவுண்டர்ல இருந்த பொம்பளைய நான் கேட்டுக்கு வெளிய நிக்க வச்சிருக்கேன். அதுவும் இன்டர்னலா சார்?” என்னிடம் திரும்பினார். “நீ ஏம்மா அன்னிக்கே சொல்லல?”

“எழுதி அனுப்பினேன் பாய். உங்களுக்கு வந்ததுல அது இல்ல.”

அவர் திரையைப் பார்த்தார். ஆனந்த் சார் கீழே பார்த்தார். கூட்டம் முடிந்துவிட்டது. அதற்குமேல் அவர் பேசியது எதுவும் யார் காதிலும் விழவில்லை.

அக்காவைக் கூப்பிட ஆள் போனது. அவர் ஓடி வரவில்லை. டீ குடித்து முடித்து, காசு கொடுத்துவிட்டு வந்தார். காதர் பாய் சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்து நீட்டினார்.

“ரஹ்மத்து, தப்பாப் போச்சு. அவங்க எழுதினதை நம்பிட்டேன்.”

“உங்ககிட்ட பத்து வருசத்துக்கு மேல வேலை பாக்குறேன் பாய். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

அக்கா பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மருமகனை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததற்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலையே பராமரிப்பு நேரத்தை மாற்றும் அனுமதி வந்தது. அந்தமான் வாடிக்கையாளர்களுக்கு இரவு பதினொன்று. மாட்யூலில் அந்த வரிக்குப் பக்கத்தில், ‘வாடிக்கையாளரின் விருப்பப்படி’ என்று எழுதினார்கள். விடியல் காதர் பாயின் விருப்பம் என்று இன்றும் நம் கோப்பில் இருக்கிறது. போய்ப் படித்துப் பாருங்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மழைக்காலத்தில் தலைமையகம் புதிய வசதி ஒன்றை வெளியிட்டது. டேட்டாபேஸ் கிடைக்காத நேரத்தில், நிறுவனம் தரும் டேப்லெட்டில் டிக்கெட்டையும் அட்டையையும் சேர்த்துப் படம் எடுக்கலாம். அது துறைமுகத்துக்கு மட்டும் போகும். போய்ச் சேர்ந்ததும் தானாக அழியும். அக்கா செய்தது அப்படியே. செய்த வரிசைகூட மாறவில்லை. மற்ற தீவுகளுக்கும் கடலோர ஊர்களுக்கும் அதை விற்க ஒரு விளம்பர வீடியோ வேண்டுமாம். அதற்காக ஆனந்த் சார் கேமராக்காரரோடு விமானம் ஏறி வந்தார். நேராகக் கவுண்டருக்குப் போனார்.

“மேடம், அன்னிக்கு எப்படிச் சமாளிச்சீங்கன்னு சிரிச்ச முகமா ரெண்டு நிமிஷம் சொன்னா போதும்.”

“எதை? ஆதார் கார்டைப் படம் புடிச்சதையா?”

“அது இப்ப நம்ம ஃபீச்சர் மேடம்.”

அக்கா அவர் பக்கம் திரும்பினார். “அப்படியா. எழுதிக் குடுங்க சார். ரஹ்மத்து தப்பு செய்யல, தப்பு எங்களோடதுன்னு நாலு வரி. தமிழ்லயும் வேணும், ஹிந்தியிலயும் வேணும். அந்தா, அந்தக் கேட்டுல ஒட்டணும். எந்த வாசல்ல என்னைய நிக்க வச்சீங்களோ அந்த வாசல்ல. ஒட்டின அன்னிக்கு நீங்க சொல்ற மாதிரி சிரிக்கிறேன்.”

“அதெல்லாம் லீகல் டீம்கிட்ட கேக்கணும் மேடம்.”

“கேளுங்க. இப்ப ஹட்டியே, பீச்சே லைன் ஹை.” நகரச் சொல்லிவிட்டு அடுத்தவரின் டிக்கெட்டுக்குக் கை நீட்டினார்.

கேமராக்காரர் கருவிகளைப் பையில் வைத்தார். ஆனந்த் சார் என்னைத் தனியே அழைத்துப்போனார்.

“நீ பேசு சுகன்யா. உன் பேச்சைக் கேப்பாங்க.”

“கேப்பாங்க சார். அதனாலதான் பேச மாட்டேன்.”

அதன் பிறகு எனக்கு வேலை குறைந்தது. மாட்யூலைப் பார்க்கும் அனுமதி போயிற்று. கூட்டங்களின் அழைப்பு நின்றது. வருடாந்திர மதிப்பீட்டில் ‘வாடிக்கையாளருடன் எல்லை பேணுவதில்லை’ என்று வந்தது. நான் ராஜினாமா கொடுத்தேன். வருத்தமில்லை. வேறு இடத்திலும் டேட்டாபேஸ்கள் இருக்கின்றன.

ஆனால் நீங்கள் இருக்கப்போகிறீர்கள். கையளிப்புக் கோப்பின் கடைசியில், நிலுவையில் உள்ள வேலைகள் என்ற தலைப்பின் கீழ், நான் எழுதாத ஒரு வரியைத் தலைமையகம் சேர்த்திருக்கிறது: ரஹ்மத் அவர்களிடம் பேசி வீடியோவுக்கு ஒப்புதல் பெறுதல். நீங்கள் இளையவர், புதியவர், அக்காவோடு நல்லபடியாகப் பழகுவீர்கள். உங்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பார். ஒரு நாள் கேட்டால் உங்கள் முகத்துக்காகச் சரி என்றுகூடச் சொல்லிவிடலாம். அதை நம்பித்தான் அந்த வரியைச் சேர்த்திருக்கிறார்கள்.

அதை நான் முடிக்காமல் விட்ட வேலை என்று நினைக்க வேண்டாம். நேற்று ஜெட்டிக்குப் போய்ப் பார்த்தேன். கேட்டில் அந்த நாலு வரி இன்னும் ஒட்டப்படவில்லை. ஒட்டப்படும் நாள்வரை அது உங்கள் வேலையும் இல்லை.